பதினெட்டு டிகிரி மரியாதை

மச்சுவீட்டுக்கு வந்த விருந்தாளி வியர்த்துவிட்டுப் போனார் என்ற சொல் இதுவரை வந்ததில்லை. ஆவுடையப்பனின் அப்பா காலத்தில் அது குடும்பத்துக்கு இருந்த பல பெருமைகளில் ஒன்று. ஆவுடையப்பன் காலத்தில் மிஞ்சியது அது ஒன்றுதான்.

வெயில் அப்படி ஆகிவிட்டிருந்தது. பங்குனி பிறந்தால் ஆவணி முடியும்வரை சமவெளியில் கல்வீட்டுக்குள் மனிதர் குடியிருக்க முடியாது என்று ஆனபின், வசதியுள்ள குடும்பங்கள் சக்கரத்தின்மேல் ஏறிக்கொண்டன. பஸ் நீளத்துக்கு ஒரு வண்டி. உள்ளே கூடம், அடுக்களை, பின்னால் படுக்கை அறை. கூரை முழுக்க சூரியத் தகடு, அடிவயிற்றில் பாட்டரி. வெயில் துரத்தத் துரத்த, நிழலும் காற்றும் இருக்கிற இடமாகப் பார்த்து நகர்ந்துகொண்டே இருக்கவேண்டும். அம்பாசமுத்திரத்து வீட்டைப் பூட்டிவிட்டு வண்டி வாங்கியபோது, ஆவுடையப்பன் அதன் நெற்றியில் ‘மச்சுவீடு’ என்று பெரிதாக எழுதச் சொன்னார். வண்டிக்கு மச்சு கிடையாது. எழுத்து இருந்தது.

வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்த காலம் போய், குளிர் கொடுக்கிற காலம் வந்திருந்தது. ‘அவங்க கூடத்துல இருபத்தஞ்சுதான் வச்சிருந்தாவ’ என்று ஒரு பேச்சுக் கிளம்பிவிட்டால் போதும், அந்த வீட்டில் சம்பந்தம் பேச வருகிறவர்கள் இரண்டு முறை யோசிப்பார்கள். வந்தவர் குளிர் தாங்காமல் கையைத் தேய்க்க வேண்டும். வீட்டுக்காரர் எழுந்து பீரோவிலிருந்து சால்வை எடுத்துக் கொடுக்க வேண்டும். அதுதான் உபசாரம். மச்சுவீட்டில் ஆறு காஷ்மீர் சால்வைகள் இருந்தன. கூடத்தில் எப்போதும் பதினெட்டு டிகிரி.

இத்தனைக்கும் மின்சாரம் அளவோடுதான் இருந்தது. அதைப் பங்கு போட்டுக் கொடுக்க ஒவ்வொரு வண்டியிலும் ஒரு மூளை வைத்திருந்தார்கள். விற்றவர்கள் அதற்கு வாயில் நுழையாத பெயர் ஒன்று வைத்திருந்தார்கள். ஆவுடையப்பன் அதைக் காரியஸ்தர் என்று கூப்பிட்டார். தம்மைச் ‘சார்’ என்று அழைத்துக்கொண்டிருந்த அதை ‘அண்ணாச்சி’ என்று சொல்லப் பழக்கினார். மிக்ஸி ஓடும்போது குளிர்ப்பெட்டியை நிறுத்துவது, அடுப்பு எரியும்போது ஏசியின் வேகத்தைக் குறைப்பது, மேகம் வந்தால் துணி துவைப்பதைத் தள்ளிப்போடுவது, எல்லாம் அதன் பொறுப்பு. ஒரு குடும்பத்தில் எது முக்கியம் என்பதை வண்டி வந்த முதல் நாளே அது கேட்டுத் தெரிந்துகொள்ளும். சிலர் கைக்குழந்தை என்பார்கள். சிலர் இன்சுலின் என்பார்கள். ஆவுடையப்பன் யோசிக்காமல், “கௌரவம்” என்றார்.

 கௌரவம் எந்த அறையில் இருக்கிறது என்று காரியஸ்தர் பணிவாகக் கேட்டது.

“கூடத்துல” என்றார்.

அன்றிலிருந்து மின்சாரம் குறையும் போதெல்லாம் முதலில் அணைந்தது அடுக்களை ஏசி, அடுத்தது பின்னறை. கூடம் அணைந்ததே இல்லை. அடுக்களையில் அவர் மனைவி சண்முகவடிவு இருந்தாள். இதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லாததை அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். முப்பத்து நான்கு வருடக் குடித்தனத்தில் எடுத்துக்கொண்ட பல சம்மதங்களில் அதுவும் ஒன்று.

ஆனி மாதம் குற்றாலத்து அடிவாரத்தில், வண்டிகள் நிறுத்தும் திடலில், அவர்கள் மகள் உலகம்மைக்கு நிச்சயதாம்பூலம் வைத்திருந்தார்கள். தென்காசி ஆஸ்பத்திரியில் வெயில் வார்டு என்று தனியாக ஒன்று உண்டு. அதில் நர்ஸாக இருக்கிறாள். மாப்பிள்ளை வேலாயுதம் கோவில்பட்டிக்காரன். அவனுடைய அப்பா மந்திரமூர்த்தியும் தன் வண்டியைக் கொண்டுவந்து மச்சுவீட்டுக்குப் பக்கத்திலேயே நிறுத்தியிருந்தார். இவர் வண்டியைவிட ஒரு முழம் நீளம். ஆவுடையப்பன் காலையில் நடைப்பயிற்சி போவதுபோல் போய் அளந்து பார்த்துவிட்டு வந்திருந்தார்.

சாரல் இன்னும் வரவில்லை. வானம் மூடிக்கிடந்ததே தவிர ஒரு தூறல் இல்லை, இலை அசையவில்லை. புழுக்கம் ஆளை வேகவைத்தது. திடலில் நின்ற வண்டிகள் எல்லாம் கண்ணாடிகளை இறுக மூடிக்கொண்டு, சாரல் வரட்டும் என்று உள்ளே காத்திருந்தன.

இரண்டு வண்டிக்கும் நடுவில் ஒரு கம்பம் நின்றது. பொதுக்கம்பம் என்று பெயர். அரசாங்க மின்சாரம் அதன் வழியாக வண்டிக்கு வரும். வண்டியில் மிச்சம் இருந்தால் அதன் வழியாகவே கொடுக்கவும் செய்யலாம். தேவைப்படுகிற வண்டி எடுத்துக்கொள்ளும். யார் கொடுத்தார், யார் எடுத்தார் என்ற பெயர் மட்டும் தெரியாது. முதலில் தெரியும்படிதான் வைத்திருந்தார்கள். கல்யாண வீடுகளில் அதைச் சொல்லிக்காட்டி அடிதடி வரை போனபின் பெயரை எடுத்துவிட்டார்கள்.

நிச்சயத்தன்று விடியும்போதே அரசாங்க மின்சாரம் நின்றுவிட்டது. காரியஸ்தர் வந்து, அதாவது கூடத்துச் சுவரிலிருந்து மெல்லிய குரலில், நிலைமையைச் சொன்னது. மேகத்தால் கூரைத் தகடு சரியாக வேலை செய்யவில்லை. பாட்டரியில் முக்கால்வாசி இருக்கிறது. கூடத்தை இருபத்தாறில் வைத்தால் சாயங்காலம் வரை எல்லா அறைக்கும் வரும்.

“இருபத்தாறா? சம்பந்தி வீட்டார் வரும்போதா?” என்றார் ஆவுடையப்பன். “பதினெட்டு. அதுல கை வைக்காதே.”

அப்போதுதான் அவர் ஜன்னல் வழியாக அதைக் கவனித்தார். மந்திரமூர்த்தி வண்டியின் வெளிவிசிறி சுற்றவில்லை. சற்று நேரம் பார்த்தார். சுற்றவேயில்லை. அவர் மனதில் இரக்கம் பொங்கியது. பக்கத்து வண்டி நின்று தம் வண்டி ஓடும்போது மட்டும் பொங்குகிற இரக்கம் அது.

தட்டு மாற்றுகிறவரை ஒருவர் வீட்டில் மற்றவர் கை நனைப்பதில்லை என்பது இரு குடும்பத்துக்கும் வழக்கம். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்கள். சம்பந்தம் முடியாமல் போனால், அவர்கள் வீட்டில் சாப்பிட்டோமே என்ற சொல் தலைமுறைக்கும் நிற்கும். ஆகவே வெளிப்படையாகக் கொடுக்க முடியாது. ஆனால் கம்பத்துக்குப் பெயர் இல்லையே. ஆவுடையப்பன் சுவரின் அருகே போய்க் குரலைத் தாழ்த்தி, நம்மிடம் இருப்பதில் பாதியைக் கம்பத்தில் கொடுத்துவிடு, சம்பந்தி வண்டி எடுத்துக்கொள்ளட்டும், ஒருவருக்கும் தெரியவேண்டாம் என்றார். கல்யாணம் முடிந்து, மறுவீட்டு விருந்தில், இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் இலையில் உட்கார்ந்திருக்கும்போது பேச்சுவாக்கில் அதைச் சொல்வதாக இருந்தார். எந்தக் குரலில் சொல்வது என்பதுவரை முடிவாகிவிட்டது.

பக்கத்து வண்டி விசிறி சுற்றத் தொடங்கியது. அவருக்கு நெஞ்சு நிறைந்தது.

சற்று நேரத்தில் காரியஸ்தர் மறுபடியும் தொண்டையைச் செருமியது. பின்னறை ஏசியை நிறுத்திவிட்டது. அடுக்களையையும் நிறுத்தட்டுமா, அங்கே அம்மா வடைக்கு எண்ணெய் வைத்திருக்கிறார்கள் என்றது.

“கம்பத்துல ஏதாவது வருதா பாரு.”

“கொஞ்சம் வருது அண்ணாச்சி.”

“எடுத்துக்கோ. சர்க்கார் கரண்ட் திரும்பி வந்துட்டுது போல, அதுல என்ன குறைச்சல். சம்பந்தி வண்டியில நின்னா மட்டும் மறுபடி கொடு. நான் வரப்போறவங்களைக் கவனிக்கணும். இனி எங்கிட்ட ஒண்ணும் கேட்காதே. ஆளுங்க இருக்கும்போது வாயே திறக்கப்படாது.”

“அடுக்களை?”

“அவ பழகினவ” என்றார் ஆவுடையப்பன்.

வெளியே ஒரு காக்கை கம்பத்தின் உச்சியில் வந்து உட்கார்ந்தது. சுட்டுவிட்டதுபோல் உடனே எழுந்து பறந்தது.

நல்ல நேரம் பிறக்க அரைமணி இருக்கும்போதே மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பக்கத்து வண்டியிலிருந்து இந்த வண்டிக்குப் பத்தடி தூரம். அதற்கும் தட்டை ஏந்திக்கொண்டு முறைப்படி ஒரு சுற்றுச் சுற்றித்தான் வந்தார்கள். மந்திரமூர்த்தியும் நிமிர்ந்த ஆள்தான். கூடத்துக்குள் கால் வைத்ததும் குளிர் அவர் மூக்கில் ஏறியது தெரிந்தது. தும்மலை அடக்கிக்கொண்டார். அவர் மனைவி காந்திமதி முந்தானையை இழுத்துத் தோளில் போர்த்தினாள். ஆவுடையப்பன் அவசரப்படாமல் எழுந்து, பீரோவைத் திறந்து, ஒவ்வொருவருக்கும் சால்வையை எடுத்துக் கொடுத்தார். வாழ்க்கையில் சில நிமிடங்கள்தான் அப்படி அமையும்.

“எங்க வண்டியில பதினேழு வச்சுப் பழகிட்டுது” என்றார் மந்திரமூர்த்தி, சால்வையைப் போர்த்திக்கொண்டே. “இங்க இதமா இருக்கு.”

“உங்களுக்காகத்தான் சம்பந்தி கூட்டி வச்சேன். நாங்க மட்டும் இருந்தா பதினாறு.”

பேச்சு முறையாகப் போனது. முகூர்த்தம் எப்போது, மண்டபம் யார் பொறுப்பு, மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்களுக்கு வேட்டி யார் எடுப்பது. வேலாயுதம் பல் கிட்டித்துப்போய், கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினான். அடக்கமான பையன் என்று ஆவுடையப்பன் திருப்திப்பட்டார். தாம்பூலத் தட்டுகள் இரண்டும் நடுவில் தயாராக இருந்தன.

கூப்பிட்ட பிறகுதான் பெண் கூடத்துக்கு வரவேண்டும். உலகம்மை கூப்பிடாமலே வந்துவிட்டாள். பட்டுச்சேலை முதுகோடு ஒட்டியிருந்தது, நெற்றிப்பொட்டு கரைந்து மூக்குவரை வழிந்திருந்தது. மச்சுவீட்டுப் பெண்ணை அந்தக் கோலத்தில் ஒரு சபை பார்த்ததில்லை. ஆவுடையப்பனுக்கு ரத்தம் தலைக்கேறியது. அவள் அவர் காதருகில் குனிந்தாள்.

“அப்பா, அம்மாவுக்கு வேர்வை நின்னுட்டுது.”

அவருக்கு நிம்மதியாக இருந்தது. “நல்லதுதானே. நீ உள்ளே போய் முகத்தைக் கழுவு.”

“நல்லதில்லைப்பா.” அவள் குரல் உயரவில்லை; வார்டில் பேசுகிற குரல் அது. “இவ்வளவு நேரம் ஊத்திக்கிட்டு இருந்துச்சு. இப்ப உடம்பு காய்ஞ்சு கொதிக்குது. என்னை யாருன்னு கேக்கா. எங்க வார்டுக்கு இப்படித்தான் கொண்டு வருவாங்க. பாதிப் பேரு திரும்பிப் போறதில்லை.”

கூடம் பதினெட்டில் இருந்தது. எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆவுடையப்பன் முதுகை வளைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். இந்தச் சுவரைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னால், மச்சுவீட்டில் எல்லா அறைக்கும் போதுமான மின்சாரம் இல்லை என்பது ஊருக்குத் தெரிந்துவிடும். தட்டு மாற்ற இன்னும் ஐந்து நிமிடம் போதும். ஐந்து நிமிடம் பொறுக்கமாட்டாளா என்று ஒரு நினைப்பு ஓடியது. ஓடியது நினைப்புத்தான், ஆனால் அப்படி நினைத்தது தாம்தான் என்று அவருக்குத் தெரிந்தது. அதன்பின் அவரால் உட்கார முடியவில்லை.

“காரியஸ்தரே” என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. “கூடத்தை நிறுத்து. எல்லாத்தையும் அடுக்களைக்குத் திருப்பு.”

“திருப்ப ஒண்ணும் இல்லை அண்ணாச்சி” என்றது சுவர். “பாட்டரி காலி. இப்ப ஓடுறது கம்பத்துல வர்ற துளியில. அதுவும் நிக்கப்போகுது.”

மச்சுவீட்டில் ‘வேணும்’ என்ற சொல்லை வெளியாரிடம் யாரும் சொன்னதில்லை. ஆவுடையப்பன் மந்திரமூர்த்தியின் பக்கம் திரும்பினார். கழுத்து திரும்ப நேரம் பிடித்தது.

“சம்பந்தி. உங்க வண்டியிலேருந்து கொஞ்சம் கரண்ட் வேணும்.”

மந்திரமூர்த்தி சால்வையைக் கழற்றி மடியில் வைத்தார். அவர் முகம் கறுத்துப்போயிருந்தது.

“எங்க வண்டியில இல்லை சம்பந்தி. நாங்க புறப்படும்போதே அடிமட்டத்துல கிடந்துச்சு. இங்க வந்து உட்கார்ந்தா குளிருமேன்னுதான் அரைமணி முன்னாடியே வந்தோம்.”

அதே கணத்தில் ஏசி நின்றது. திடலுக்கு வந்த நாளாக ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்த இரைச்சல் அடங்கியது. அந்த அமைதியில் எல்லோர் காதிலும் ஒரு சத்தம் விழுந்தது. கூரைக்குமேல் புளியமரக் கிளை உரசுகிற சத்தம்.

வேலாயுதம்தான் எழுந்துபோய்க் கதவைத் திறந்தான். கணவாய்க் காற்று உள்ளே பாய்ந்து தாம்பூலத் தட்டிலிருந்த வெற்றிலையைப் புரட்டிப் போட்டது. ஈரமும் மலையின் வாசனையும் கலந்த சாரல் காற்று. இதற்காகத்தான் இத்தனை பேரும் இந்தத் திடலில் வந்து கிடந்தார்கள். அது வந்தபோது எல்லோரும் கண்ணாடியை மூடிக்கொண்டு உள்ளே இருந்தார்கள்.

சண்முகவடிவை வேலாயுதமும் உலகம்மையும் தூக்கிக்கொண்டு வந்து புளியமரத்தடியில் கிடத்தினார்கள். உலகம்மை தண்ணீர் கேட்டாள், துணி கேட்டாள். துணி தேட நேரமில்லை. காந்திமதி தன் தோளில் கிடந்த காஷ்மீர் சால்வையை உருவி வாளியில் முக்கினாள். மற்றவர்களும் அப்படியே செய்தார்கள். ஆறு சால்வைகளும் சொட்டச் சொட்ட சண்முகவடிவின் கழுத்திலும் கைகாலிலும் சுற்றப்பட்டன. காற்று அவற்றின்மேல் அடித்துக்கொண்டே இருந்தது. ஆவுடையப்பன் தாம்பூலத் தட்டைக் காலிசெய்து, அதைக்கொண்டு விசிறினார். யாரும் அவரை விசிறச் சொல்லவில்லை. நிறுத்தவும் சொல்லவில்லை.

நெடுநேரம் கழித்து அவள் கண்ணைத் திறந்து, தன்னைச் சுற்றியிருந்ததைத் தடவிப் பார்த்தாள்.

“இது விருந்தாளுக்குள்ள சால்வைல்லா” என்றாள். “எனக்கு எதுக்குச் சுத்துனியோ?”

காந்திமதி தன் வண்டியிலிருந்து ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து, “குடிங்க மதினி” என்றாள். சண்முகவடிவு புருஷன் முகத்தைப் பார்த்தாள். தட்டு இன்னும் மாற்றவில்லை. ஆவுடையப்பன் வேறு பக்கம் பார்த்தார். அவள் குடித்தாள்.

உயிர் பயம் தெளிந்தபிறகுதான் மற்றவர்களுக்குக் கோபம் வந்தது. அரசாங்கத்தைத் திட்டினார்கள், வண்டி விற்றவனைத் திட்டினார்கள். முக்கால்வாசி இருந்த பாட்டரி இரண்டு மணி நேரத்தில் எப்படிக் காலியாகும் என்று ஆவுடையப்பன் வண்டிப் படியில் நின்று காரியஸ்தரை அதட்டினார். விருந்தாளிகள் இருக்கிறார்களே, பேசலாமா என்று, தனக்கென்று ஒதுக்கியிருந்த சிறு பாட்டரியிலிருந்து அது கேட்டது. பேசித்தொலை என்றார்.

“விடியக்காலையிலேயே சர்க்கார் கரண்ட் நின்னுட்டு அண்ணாச்சி. இந்தக் கம்பத்துல இருக்கிறது ரெண்டே வண்டி. நீங்க பாதியைக் கம்பத்துல கொடுக்கச் சொன்னீங்க. அதை அவங்க எடுத்தாங்க. உங்களுக்குக் குறைஞ்சதும் கம்பத்துல எடுக்கச் சொன்னீங்க. அது அவங்க கொடுத்தது. அவங்க நின்னதும் மறுபடி நாம. ஒவ்வொரு தடவை போகும்போதும் கொஞ்சம் சூடா வீணாப் போகும், வரும்போதும் கொஞ்சம். ஒரே கரண்ட்தான் போயிட்டுப் போயிட்டு வந்துச்சு. மொத்தத்துல காலையிலேருந்து நாம ரெண்டு பேருமாக் கம்பத்தைத்தான் சூடாக்கிக்கிட்டு இருந்தோம்.”

ஆவுடையப்பன் மெதுவாகத் திரும்பி மந்திரமூர்த்தியைப் பார்த்தார்.

“நீங்க கொடுத்தீங்களா?”

“உங்க வண்டியில பின்பக்கத்து விசிறி நின்னுச்சு. மனசு கேக்கலை.” மந்திரமூர்த்தி செருப்பால் மண்ணைக் கிளறினார். “மறுவீட்டு விருந்துல சொல்லலாம்னு இருந்தேன்.”

“வெளியே காத்து எப்ப வந்துச்சு?” என்று ஆவுடையப்பன் சுவரைக் கேட்டார். அவருக்கு யார்மேலாவது குற்றம் வைத்தாக வேண்டியிருந்தது.

“அவங்க உங்க வாசல்ல கால் வச்ச நேரத்துல. கதவைத் திறந்திருந்தா ஏசியே வேண்டியிருக்காது.”

“அதை ஏன் சொல்லலை?”

“வாயைத் திறக்கப்படாதுன்னீங்க. அதோட, கதவைத் திறக்கிறது கௌரவத்துல சேருமான்னு எனக்குத் தெரியலை அண்ணாச்சி.”

யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்க மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் புளியமரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

இனி வழக்கம் என்ன சொல்கிறது என்ற கேள்வி எழுந்தது. தட்டு மாற்றுமுன் இரு பக்கமும் கை நனைத்தாகிவிட்டது. அதுவும் ஒரு தடவை இல்லை. இப்படி நடந்தால் சம்பந்தத்தை விட்டுவிடுவதா, நேரம் குறித்து மறுபடி கூடுவதா என்று பெரியவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். உலகம்மை அம்மாவின் நாடியைப் பிடித்தபடியே பேசினாள்.

“தட்டு மாத்துறதுன்னா என்ன மாமா? உங்க தட்டு இங்க வரும், எங்க தட்டு அங்க போகும், ரெண்டுலயும் இருக்கிறது ஒரே வெத்திலை பாக்குதான். அதைத்தான் விடியக்காலையிலேருந்து ரெண்டு வண்டியும் பண்ணிக்கிட்டு இருக்கு. இனிமே மாத்தினா அம்மா தாங்கமாட்டா.”

மந்திரமூர்த்தி சபையில் முதல்முறையாகத் தும்மினார். பிறகு, பெண் சொல்வது சரி என்றார். ஆனாலும் ஒரு முறைக்கு இருக்கட்டும் என்று, கீழே விழுந்த வெற்றிலைகளைப் பொறுக்கித் தட்டில் வைத்து, மரத்தடியில், சண்முகவடிவின் கால்மாட்டில் நின்று மாற்றிக்கொண்டார்கள். எல்லோருக்கும் வியர்த்திருந்தது. காற்று அதைத் துடைத்துக்கொண்டிருந்தது.

சாயங்காலம் தூறல் விழுந்தது. அரசாங்க மின்சாரமும் வந்தது. ஆவுடையப்பன் வண்டிக்குள் தனியாக வந்து, யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, சுவரின் அருகே போனார்.

“ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு. நான் கொடுக்கச் சொல்றதுக்கு முன்னாடியே அவங்க கொடுத்திருந்தாங்களா? முதல்ல கொடுத்தது யாரு?”

“நாமதான் அண்ணாச்சி.”

அவர் முதுகு தானாக நிமிர்ந்தது. அப்படியே படியிறங்கி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பக்கத்து வண்டியை ஒட்டி நடந்தார். அவர்களும் ஜன்னலைத் திறந்துவைத்திருந்தார்கள். உள்ளே மந்திரமூர்த்தியின் தணிந்த குரல் என்னவோ கேட்டது. அவர்கள் வண்டியின் மூளை பெண்குரலில் பதில் சொன்னது: “நாமதான் முதல்ல ஐயா.”

ஆவுடையப்பன் தூறலில் சற்று நேரம் நின்றார். இரண்டு மூளைகளில் ஒன்று பொய் சொல்கிறது. அல்லது இரண்டும் சேர்ந்து பேசிவைத்துக்கொண்டு, தத்தம் வீட்டுக்காரர்களைப் பதமாக வைத்திருக்கின்றன. எதுவென்று கேட்டால் சொல்லும். அவர் கேட்கப்போவதில்லை.

மரத்தடிக் கட்டிலில் சண்முகவடிவு எழுந்து உட்கார்ந்திருந்தாள். ஈரச் சால்வைகளைக் கொடியில் காயப்போட்டிருந்தார்கள்.

“யாராம் மொதல்ல குடுத்தது?” என்றாள். அவர் எதற்கு உள்ளே போனார் என்பது அவளுக்குத் தெரியாமல் இருக்குமா.

ஆவுடையப்பன் கொடியிலிருந்த சால்வை ஒன்றை நேராக இழுத்துவிட்டார்.

“அவங்கதான்” என்றார்.

சண்முகவடிவு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். முப்பத்து நான்கு வருடத்தில் அவர் வாயிலிருந்து இப்படி ஒரு சொல் வந்து அவள் கேட்டதில்லை. வெயில் இவரையும் அடித்துவிட்டதோ என்று அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். குளிர்ந்துதான் இருந்தது.

“அப்ப நாளைக்கு அவங்களைச் சாப்பிடக் கூப்பிடுங்க” என்றாள். “நீங்க அடுக்களையில இருங்க. நான் கூடத்துல உட்கார்ந்துக்கிடுதேன்.”